காலி கேரியரும் நாலு வழிச் சாலையும்: 5 கி.மீ மைலேஜ் எங்கே போகிறது?

ஹரித்ராநதி (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 62,000 கி.மீ ஓடியது. கணக்கு இப்படி வருகிறது:

மன்னார்குடி – நீடாமங்கலம் – கும்பகோணம், 55–60 வேகம், ஏசியோடு: லிட்டருக்கு 19.5.
தஞ்சாவூர் – திருச்சி நாலு வழிச் சாலை, 100 வேகம், அதே ஏசி, அதே இரண்டு பேர்: லிட்டருக்கு 14.5.

டேஷ்போர்டு காட்டும் எண் இல்லை. அதே பங்க், அதே பம்ப், டேங்க் நிறைய அடித்து, ஓடி, மறுபடி நிறைய அடித்துப் பார்த்தது. மேலே இரும்புக் கேரியர் நிரந்தரமாக இருக்கிறது: சதுரக் குழாய், குறுக்கே 5. பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

நாலு வழிச் சாலையில் வேகத்தடை இல்லை, கியர் மாற்ற வேலை இல்லை, டாப் கியரிலேயே போகலாம். மைலேஜ் கூடத்தானே வேண்டும், ஏன் குறைகிறது? காலி கேரியர் இவ்வளவு தின்னுமா? ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் தேறுமா? பின்னால் ஒரு ஸ்பாய்லர் மாட்டினால் காற்று "வழுக்கிக்கொண்டு" போகும் என்கிறார்கள், அது உண்மையா?

---

கல்லணை மதகு

உங்கள் எண்கள் நியாயமானவைதான். பெரும்பகுதி காற்றுக்குப் போகிறது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன், அப்போதுதான் எதைக் கழற்றலாம், எதற்குக் காசு செலவழிக்கக் கூடாது என்பது பிடிபடும்.

காற்றுத் தடை = ½ × காற்றின் அடர்த்தி × தடைக்கெழு × முன்முகப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். தடைக்கெழு என்பது ஒரு வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ. சாதாரண ஹேட்ச்பேக்கின் தடைக்கெழு 0.33, முன்முகப் பரப்பு 2.1 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டின் பெருக்கல் 0.7. வண்டி, இரண்டு ஆள், சுழலும் சக்கரங்களுக்காகக் கொஞ்சம், எல்லாம் சேர்த்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் உருளும் தடை ஏறக்குறைய 120 நியூட்டன் (விசையின் அலகு). இது வேகத்தோடு பெரிதாக மாறாது.

காற்றுத் தடை மட்டும் மாறிக்கொண்டே போகும்:

40 கி.மீ வேகத்தில் 50 நியூட்டன்
60ல் 113
80ல் 200
100ல் 313
120ல் 450

60ஐக் கொஞ்சம் தாண்டுகிற இடத்தில் டயரும் காற்றும் சமம். கும்பகோணம் ரோட்டில் நீங்கள் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறீர்கள். திருச்சி ரோட்டில் 100 போகும்போது என்ஜின் தள்ளுவதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு காற்றை விலக்குவதற்கு மட்டுமே போகிறது. டாப் கியரில் சீராகப் போவதால் கிடைக்கும் ஆதாயம் இதற்கு ஈடாகாது.

இதை லிட்டராக மாற்றுவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் ஆற்றல். கூடுதல் சுமைக்கு என்ஜின் அதில் 30 சதவீதத்தைச் சக்கரத்துக்குத் தரும் என்று எடுத்தால், 100 கி.மீ தூரத்துக்கு ஒவ்வொரு 10 நியூட்டனும் 0.1 லிட்டர் கேட்கும். உங்கள் திருச்சிப் பயணம், 100 கி.மீக்கு:

டயரும் காற்றும் (433 நியூட்டன்): 4.5 லிட்டர்
என்ஜினின் சொந்த உராய்வு, ஆல்டர்னேட்டர்: 1.1
ஏசி, சராசரி 1.5 கிலோவாட்: 0.5
கேரியர்: 0.5

ஆக 6.6 லிட்டர், அதாவது லிட்டருக்கு 15. நீங்கள் சொல்வது 14.5, அதாவது 6.9 லிட்டர். மீதி 0.3 லிட்டருக்குக் கணக்கு உதைக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம், விட்டுவிட வேண்டாம்.

கேரியருக்கு 0.5 எப்படி வந்தது என்றால்: 30 மி.மீ சதுரக் குழாய், 1.1 மீட்டர் நீளம், பரப்பு 0.033 சதுர மீட்டர்தான். ஆனால் சதுரக் குழாயின் தடைக்கெழு 2. பெருக்கினால் 0.066. முழுக் காருக்கே 0.7 என்றேனே, ஒற்றைக் குழாய் அதில் 9 சதவீதம்! பின்னால் வரும் குழாய்கள் முன்னதன் நிழலில் நிற்பதால் ஐந்தையும் அப்படியே கூட்டக் கூடாது. 15 சதவீதம் என்று எடுத்திருக்கிறேன். அதே இடத்தில் உருண்டைக் குழாய் என்றால் கெழு 1.2. விமான இறக்கை வடிவக் குறுக்குப் பட்டை என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. காற்றுக்கு அளவைவிட வடிவம்தான் முக்கியம்.

ஸ்பாய்லர் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய இருக்கிறது.

---

பாபநாசம் பட்டறை

மதகு சார் கணக்கு போட்டுட்டார், நான் கை வேலையைச் சொல்றேன்.

தம்பி, கேரியரை முதல்ல கழட்டுங்க. ரெயின் கட்டருக்குள்ள மாட்டுற நாலு கிளாம்புதான், 13 நம்பர் ஸ்பேனர், கால் மணி நேர வேலை. துருப் பிடிச்சிருந்தா முந்தின நாளே எண்ணெய் விட்டு வைங்க. திரும்ப மாட்டும்போது கிளாம்புக்குக் கீழ ரப்பர் வைக்காம இறுக்கினா பெயின்ட் உரிஞ்சு, மழைத் தண்ணி நின்னு, கூரையே அரிச்சுடும். கழட்ட முடியாத நிலைமைன்னா முன்னாடி குழாய்ல மட்டும் 6 மி.மீ நைலான் கயித்தைக் கொடி சுத்துற மாதிரி, சுத்துக்கு நாலு விரக்கடை இடைவெளி விட்டு, இறுக்கிச் சுத்துங்க. 70க்கு மேல வர்ற அந்த ஊளைச் சத்தம் நின்னுடும். சத்தம்தான் நிக்கும், பெட்ரோல் மிச்சம் ஆகும்னு எதிர்பார்க்காதீங்க.

அடுத்து, வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. என்ஜினுக்குக் கீழ ஒரு கருப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அண்டர் கவர். நம்ம பக்கம் வேகத்தடையிலயும் வாய்க்கா மதகு ஏத்தத்துலயும் உரசி முன்பக்க கிளிப் முதல்ல போகும். முன்விளிம்பு தொங்க ஆரம்பிச்சா காத்து உள்ள பூந்து குடை மாதிரி விரியும். பாதிப் பேர் அதைக் கழட்டிப் பரண்ல போட்டுடறாங்க. அது தப்பு. அடிப்பக்கம் வழவழன்னு காத்து போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் அதை வச்சிருக்கான், சேறும் மேல அடிக்காது. கிளிப் புதுசு வாங்கிப் போடுங்க, சின்னக் காசுதான். கிடைக்கலன்னா பெரிய வாஷர் வச்ச ஸ்க்ரூ. கேபிள் டை போட்டா சைலன்சர் பக்கம் போடக் கூடாது, உருகிடும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். அறுவடை சமயத்துல ரோட்டுல நெல்லும் வைக்கோலும் காயுது. அது மேல ஏத்திட்டுப் போனா வைக்கோல் அடியில சைலன்சர் பைப்புக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவுல சிக்கும். மைலேஜ் கிடக்கட்டும், தீப்பிடிக்கும். காய்ஞ்ச வைக்கோல் வாசனை, கருகல் வாசனை வந்தா உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, குச்சியால இழுத்து எடுங்க. ரேடியேட்டர் கிரில்லையும் அப்படியே பாருங்க. சில பேர் காத்து குறையட்டும்னு கிரில்ல அட்டையை அடைக்கிறாங்க. குளிர் நாட்டுக்காரன் வேலை அது. சித்திரை வெயில்ல ஏசி போட்டு அப்படி ஓட்டினா ஃபேன் விடாம சுத்தும், ஏசி குளிராது, ஹெட் கேஸ்கட் வரைக்கும் போகும்.

அகல டயர், முன்னாடி கம்பி கார்டு ரெண்டுமே வேண்டாம். கம்பி கார்டுக்குச் சட்டத்துலயே தடை இருக்கு, ஏர்பேக் வேலையையும் கெடுக்கும்.

---

கல்லணை மதகு

ஸ்பாய்லர் விஷயம். மழை ஓய்ந்து சாலை அரை ஈரமாக இருக்கும்போது 30 கி.மீ ஓட்டிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். பானெட் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். பக்கக் கதவுகளில் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் சேற்றுக் கோடு. பின்கதவில் மட்டும் நம்பர் பிளேட்டிலிருந்து கண்ணாடி வரை செம்மண் ஒரே சீராக அப்பியிருக்கும். கூரையைத் தழுவி வந்த காற்று பின்விளிம்பில் பிய்த்துக்கொண்டு போய்விட, அந்தக் காலி இடத்தில் குறைந்த அழுத்தம் உண்டாகிறது. தரையிலிருந்து கிளம்பிய சேற்றுத் துளி அதற்குள் சுழன்று வந்து ஒட்டுகிறது. ஹேட்ச்பேக்குக்குப் பின் வைப்பர் இருப்பதும், டிக்கி நீட்டிய செடானுக்குப் பெரும்பாலும் இல்லாததும் இதனால்தான். அந்தக் குறைந்த அழுத்தம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. காரின் காற்றுத் தடையில் பெரும்பங்கு மூக்கில் இல்லை, வாலில்தான் இருக்கிறது.

1921ல் ஜெர்மனியில் எட்மண்ட் ரும்ப்ளர் கண்ணீர்த் துளி வடிவில் ஒரு கார் செய்தார். 1979ல் ஃபோக்ஸ்வாகன் அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது தடைக்கெழு 0.28 வந்தது. இன்றைக்கும் நம் சாலையில் ஓடும் பல கார்களை விட நல்ல எண்! துளியின் வாலை முழுதாக நீட்டாமல் சரியான இடத்தில் வெட்டிவிட்டாலும் பலன் பெரிதாகக் குறையாது என்பதை வுனிபால்ட் கம் என்ற ஜெர்மன் பொறியாளரின் 1930களின் ஆய்வு காட்டியது. உங்கள் ஹேட்ச்பேக்கின் கூரை முடிவில் இருக்கும் சிறிய நீட்டல் அந்த வெட்டுத்தான். அதன் கோணம் சில டிகிரி மாறினாலே கணக்கு தலைகீழாகும். பின்சாய்வு 30 டிகிரிக்கு அருகில் போகும்போது தடை உச்சத்துக்கு ஏறுவதை அகமது என்ற ஆய்வாளரின் 1984 சோதனை மாதிரியில் அளந்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் ஸ்பாய்லர் உங்கள் வண்டியின் கோணத்துக்குச் செய்யப்பட்டதில்லை. தடையைக் கூட்டவே வாய்ப்பு அதிகம். வாங்காதீர்கள்.

மாட்டியே தீருவேன் என்பவர்கள் முதலில் நூல் சோதனை செய்யட்டும். ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூலை 8 செ.மீ துண்டுகளாக வெட்டி, கூரையின் பின்பாதியிலும் பின்கண்ணாடியிலும் 10 செ.மீ இடைவெளியில் பெயின்டர் டேப்பால் ஒட்டுங்கள். பக்கத்து லேனில் போகும் இன்னொரு வண்டியில், ஓட்டாத ஒருவர் படம் எடுக்கட்டும். நூல் நேராகப் பின்னால் படுத்திருந்தால் காற்று ஒட்டிப் போகிறது. துடித்தாலோ முன்பக்கமாகத் திரும்பினாலோ அங்கே பிய்ந்துவிட்டது.

---

அய்யம்பேட்டை லோடு

கேரியரை எடுக்க முடியாத நாளும் உண்டு. வாழை இலைக் கட்டு, சீர்வரிசைச் சாமான் எல்லாம் டிக்கிக்குள் அடங்காது. அப்போது கவனிக்க வேண்டியது.

கூரைக்கு எவ்வளவு எடை தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 50 கிலோ, கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. கனமானது டிக்கிக்குள், லேசானது மேலே. நீளமானதை வண்டியின் நீளவாக்கில் படுக்கப் போடுங்கள், குறுக்கே போடாதீர்கள். 1 மீட்டர் அகலம், 40 செ.மீ உயரம் என்று ஒரு மூட்டை நிமிர்ந்து நின்றால் அதுவே காற்றுக்கு 0.4 சதுர மீட்டர் சுவர். முன்னால் தாழ்வு, போகப்போக உயரம் என்று சரிவாக அடுக்குங்கள்.

தார்ப்பாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்விளிம்பை மூட்டைக்கு அடியில் மடித்துச் செருக வேண்டும், மேலே விட்டுக் கட்டக் கூடாது. கயிறு ஒரு அடிக்கு ஒரு கட்டு. கையால் இழுத்தால் தார்ப்பாய் தூக்கக் கூடாது. படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் ஒவ்வொரு அடியிலும் என்ஜினின் சக்தியைத்தான் தின்கிறது. ஒரு மணி நேரத்தில் கண்ணி கிழிந்து கயிறும் தளரும். முதல் 10 கி.மீயில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

குட்டி யானையில் வைக்கோல் ஏற்றுபவர்களுக்கும் இதேதான். பக்கவாட்டில் பிதுங்கும் வைக்கோல் எடையில் ஒன்றுமில்லை, காற்றில் அதுதான் எல்லாம். வேளாங்கண்ணித் திருவிழா சமயம் காரில் கட்டும் கொடியும் அப்படியே. ஊர் எல்லையில் கட்டிக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் சுருட்டி வையுங்கள்.

---

உப்பளக் காற்று (வேதாரண்யம்)

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று, கண்ணாடி. "60க்கு மேல் ஏசிதான் மலிவு" என்று எல்லோரும் சொல்வது மதகு சாரின் எண்களோடு ஒத்துப்போகவில்லை. 80ல் காற்றுக்கு மொத்தமே 4.5 கிலோவாட் போகிறது. முன்கண்ணாடி இரண்டையும் இறக்கினால் தடை 10 சதவீதம் கூடும் என்று வைத்தாலும் அரை கிலோவாட் வரவில்லை. ஏசி 1.5 கேட்கிறது. 120ல், நாலு கண்ணாடியும் இறக்கி, தடை 20 சதவீதம் கூடினால் 3 கிலோவாட். அங்கே ஏசி மலிவு. நம் சாலை வேகத்துக்குக் கண்ணாடிதான் சிக்கனம். மே மாதப் பகலில் அதைச் சொல்ல மாட்டேன், ஓட்டுபவர் சோர்ந்துபோவது பெட்ரோலை விடப் பெரிய இழப்பு. வெயிலில் நின்ற வண்டி என்றால் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசி போட்டு உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள்.

இரண்டு, எதிர்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நம் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போவது நேராக அதன் வாய்க்குள் போவது. காற்று 25 கி.மீ வேகம் என்றால், 80ல் போகிற வண்டிக்கு 105ல் போகிற தடை: 345 நியூட்டன். திரும்பி வரும்போது 55ல் போகிற தடை: 95. போகிற நஷ்டத்தை வருகிற லாபம் ஈடுகட்டும் என்று தோன்றும். கட்டாது. சராசரி 220 வருகிறது, காற்றில்லாத நாளில் 200. வர்க்கக் கணக்கு அப்படித்தான். ஆடியில் மேற்கே போகும்போது 80ஐ 70 ஆக்கிக்கொள்வது நல்லது. நாகை, வேதாரண்யம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று எழும். உப்பளத்து வெளியில் மரம்கூடக் கிடையாது, பக்கவாட்டில் அறையும். மேலே லோடு இருந்தால் வண்டி லேன் மாறும் அளவுக்கு ஆடும்.

பஸ்ஸை ஒட்டிப் போனால் காற்று குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 80ல் வினாடிக்கு 22 மீட்டர். பலன் தெரிகிற அளவுக்கு நெருங்கினால் பிரேக் மிதிக்க நேரமே இல்லை.

---

கல்லணை மதகு

மிச்சமுள்ள 0.3 லிட்டருக்கு வருகிறேன். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. டெல்டா போல் சமதரை வாய்த்தவர்களுக்கு மிக எளிது.

விடியற்காலை, காற்றே இல்லாத நேரம். தென்னங்கீற்று அசையக் கூடாது. டயர் சூடாக 15 கி.மீ ஓட்டியிருக்க வேண்டும். பாலம் இல்லாத, நேரான நாலு வழிச் சாலைத் துண்டு. வல்லம் பக்கம் மேடு, அங்கே வேண்டாம். முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது 90க்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விடுங்கள். என்ஜினை அணைக்கவே கூடாது, பிரேக் பூஸ்டரும் ஸ்டீயரிங்கும் செத்துவிடும். 85லிருந்து 75க்கு இறங்க எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் ஸ்டாப்வாட்சில் எடுக்கட்டும். அடுத்து 45லிருந்து 35க்கு. எதிர்த் திசையிலும் அதேபோல். ஒவ்வொன்றும் ஐந்து முறை, சராசரி. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர், 80 கி.மீ கிழக்கே நாகப்பட்டினத்தில் கடல். கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 7 நியூட்டன் தரும். இரு திசையும் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கேரியர் இல்லாத 1000 கிலோ கணக்குக்கு 85–75 இறங்க 8.7 வினாடி, 45–35 இறங்க 16.3 வினாடி வர வேண்டும். கேரியரோடு 7.9, 15.7. மேல் வேக எண் மட்டும் குறைந்தால் குற்றவாளி காற்று. இரண்டும் குறைந்து, கீழ் வேக எண் அதிகமாக அடிவாங்கினால் காற்று இல்லை, டயரோ பிரேக்கோ.

---

ஹரித்ராநதி

எல்லோருக்கும் நன்றி. கேரியரைக் கழற்றியாயிற்று, அண்டர் கவர் கிளிப் மூன்று போட்டாயிற்று. இன்று காலை 5.40க்கு, இரு திசையும், ஐந்து ஐந்து முறை. இரண்டு பேர்தான் இருந்தோம்.

85–75: 8.0 வினாடி.
45–35: 14.2 வினாடி.

கேரியர் இல்லாமலே இப்படி. டயர் காற்று குளிர்ந்த நிலையில் பார்த்தேன்: 33 இருக்க வேண்டிய இடத்தில் முன்னால் 31, பின்னால் வலது 30, இடது 29.

---

கல்லணை மதகு

14.2 வினாடி என்றால் 195 நியூட்டன். இருக்க வேண்டியது 170. மேல் வேகத்தில் 345, இருக்க வேண்டியது 320. இரண்டு வேகத்திலும் அதே 25 கூடுதல். காற்றாக இருந்தால் 80ல் நாலு மடங்காக வந்திருக்கும். 25 நியூட்டனுக்கு 100 கி.மீக்கு 0.25 லிட்டர். காணாமல் போன 0.3 இதுதான். டயர் காற்று குறைவு இதில் ஒரு பகுதிதான், 2–4 பாயின்ட் குறைவுக்கு 25 வராது. மீதியைப் பட்டறை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

---

பாபநாசம் பட்டறை

பிரேக் பிடிச்சிட்டு ஓடுது. வீட்டுலயே பார்த்துடலாம்.

பிரேக்கை அதிகம் மிதிக்காம 20 கி.மீ ஓட்டி, மெதுவா உருட்டி நிறுத்துங்க. நாலு சக்கரத்து நடுவுலயும் புறங்கையைக் கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க. ஒண்ணு மட்டும் அதிகமா அனல் அடிச்சா அதுதான். அப்புறம் பின்சக்கரம் ஒவ்வொண்ணா ஜாக்கி வச்சுத் தூக்கி, மத்த சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இறக்கி, கையால சுத்துங்க. லேசா உரசற சத்தம் வரலாம், ஆனா ஒரு சுத்தாவது தானாப் போகணும். டக்குனு நின்னா பிரேக் ஷூ பிடிக்குது. ஹேண்ட்பிரேக் எத்தனை கிளிக்ல பிடிக்குதுன்னு எண்ணுங்க. ரெண்டு மூணுலயே பிடிச்சா கேபிளை யாரோ ஓவரா இறுக்கியிருக்காங்க. கையேட்டுல சொன்ன கிளிக்குக்குத் தளர்த்துங்க. மழைக்காலத்துல தண்ணியில இறக்கின வண்டின்னா டிரம்முக்குள்ள சேறு கட்டி ஷூ திரும்பாது. டிரம்மைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும், காத்தடிச்சு ஊதாதீங்க, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால துடைங்க.

முன்பக்கம்னா, பிரேக் பேடை அழுத்துற கேலிப்பரோட ஸ்லைடு பின் காய்ஞ்சிருக்கும். உள்பக்க பேட் தேஞ்சு வெளிப்பக்கம் தடிமனா இருந்தா அதுக்கு அடையாளம். பின்னைக் கழட்டித் துடைச்சு, பிரேக்குக்குன்னே விக்கிற சிலிக்கான் கிரீஸ் போடுங்க. சேஸிஸ் கிரீஸ் போட்டா ரப்பர் பூட் உப்பி இன்னும் இறுகும்.

டயருக்கு 33 அடிச்சுட்டு, 45–35 மட்டும் மறுபடி எடுத்து இங்க போடுங்க. 16 வந்தா சரி. 15க்குக் கீழயே நின்னா வீல் அலைன்மென்ட் பாருங்க: முன்டயர் பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டை) மேல உள்ளங்கையை உள்பக்கமும் வெளிப்பக்கமும் தடவினா ஒரு பக்கம் மட்டும் ரம்பம் மாதிரி குத்தும்.